மாமாவின் விமானமும் பதில் சொல்லும் பெட்டியும்

எங்கட மாமா ஒரு விமானம் கட்டினார். பொம்மை விமானம் இல்லை. ரெண்டு பேர் இருந்து பறக்கக்கூடிய, எஞ்சின் பூட்டிய, உண்மையான விமானம். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற அவருடைய வீட்டுக் கராஜில், ஒன்பது வருசமாக, வேலை முடிந்து வந்த பிறகும் சனி ஞாயிறிலும் கட்டினார். ஆர்வி-9ஏ என்பது அதன் வகை. அலுமினியத் தகடுகள் பெட்டி பெட்டியாக வரும். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக அடித்துப் பொருத்த வேண்டும். மாமி சொல்லுவா, "கார் வெயிலில காயுது, செட்டை நிழலில படுத்துக் கிடக்குது" எண்டு.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வட்ஸ்அப்பில் அந்த விமானம் வளர்வதைப் பார்த்தனாங்கள். முதலில் வால். பிறகு செட்டைகள். பிறகு உடல். எங்களில் ஒருத்தி ஓ.எல். படிக்கேக்க தொடங்கின வேலை, மற்றவள் கம்பஸ் முடிக்கேக்கதான் முடிஞ்சது. இந்தக் கட்டுரையை அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்துதான் எழுதுகிறோம். இதில் எதை ஆர் சொன்னது எண்டு பிரிக்கப் போவதில்லை. ஏனென்றால் கீழே வரப்போகிற பிழையில் ரெண்டு பேருக்கும் சமபங்கு இருக்கிறது.

அம்மா அந்தப் படங்களைப் பார்க்க மாட்டா. மாமா அம்மாவின் ஒரே அண்ணா. அவர் அனுப்புகிற மற்ற எல்லாப் படத்தையும், தோட்டத்துத் தோடம்பழத்தைக்கூட, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்ப்பா. விமானப் படம் வந்தால் போனைத் திருப்பித் தந்திடுவா. எங்களுக்கு விமானம் எண்டால் ஆரோ வெளிநாடு போவது, ஆரோ வெளிநாட்டால் வருவது. அம்மாவின் தலைமுறைக்கு அது சத்தம். சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டும். எந்தச் சத்தம் பொம்மர், எந்தச் சத்தம் ஹெலி எண்டு அம்மம்மா சமைத்துக்கொண்டே சொல்லுவாவாம். மாமா அந்தக் காலத்தில்தான் வெளிக்கிட்டவர். ரெண்டு பேரும் ஒரே பங்கருக்குள் ஒளிச்ச பிள்ளைகள். ஒருவர் பிறகு விமானம் கட்டினார், மற்றவ பிறகு ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லை.

விமானத்தைப் பற்றி அம்மா மாமாவிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான். "அண்ணா, கீழ இருக்கிற சனத்துக்குத் தெரியுமோ, மேல போறது ஆரெண்டு?"

மாமா அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவர் அந்தக் கேள்வியை மறக்கவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் கட்டின விமானத்தை அமெரிக்காவில் பறக்க விடுவார்களா எண்டு நீங்கள் கேட்கலாம். விடுவார்கள். பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தன்னுடைய படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஆட்கள் தாங்களே செய்திருக்க வேண்டும் என்பது விதி. பரிசோதகர் வந்து பார்த்து, திருப்தி எண்டால் மென்சிவப்பு நிறத்தில் ஒரு சான்றிதழ் தருவார். விமானத்தில் 'பரிசோதனை' என்ற சொல்லை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகும் உடனே ஆட்களை ஏற்றிக்கொண்டு திரிய ஏலாது. முதலில் சோதனைப் பறப்புக்காலம் இருக்கிறது. எஞ்சினையும் புரொப்பெல்லரையும் பொறுத்து வழமையாக 25 மணித்தியாலம் அல்லது 40 மணித்தியாலம். அதுவும் சனம் குறைவான, விமான நடமாட்டமும் குறைவான இடத்துக்கு மேலே.

மாமாவுக்குக் கிடைத்த சோதனைப் பகுதி கிழக்கே, பாலைவனப் பக்கம். அங்கே ஆட்களும் குறைவு, விமானங்களும் குறைவு. பிரச்சினை அங்கே போய்ச் சேருவதில்தான் இருந்தது.

லொஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் ஆரையில் ஒரு வட்டம் இருக்கிறது. தரையில் இருந்து 10,000 அடி வரை. 'மோட் சி வெய்ல்' எண்டு அதைச் சொல்லுவார்கள். முக்காடு எண்டு மொழிபெயர்த்துப்போட்டு நாங்கள் சிரித்தனாங்கள். அந்த முக்காட்டுக்குள் பறக்கிற விமானத்தில் ட்ரான்ஸ்பொண்டர் என்ற பெட்டி வேலை செய்ய வேண்டும். மாமாவின் சின்ன விமான நிலையம் அந்த வட்டத்தின் விளிம்புக்குச் சில மைல் உள்ளே இருந்தது. சில மைல்தான். எழும்பி ஐந்து நிமிசம் பறந்தால் வட்டத்துக்கு வெளியே.

அந்தப் பெட்டி என்ன செய்யும்? சாதாரண ரேடார் ஒரு அலையை அனுப்பி, அது எதிலோ பட்டுத் திரும்பி வந்தால் 'அங்கே ஏதோ இருக்கு' எண்டு மட்டும் சொல்லும். எவ்வளவு உயரத்தில் எண்டு அதற்குச் சரியாகத் தெரியாது. ட்ரான்ஸ்பொண்டர் அப்படியில்லை. தரையில் இருந்து 1030 மெகாஹேர்ட்ஸில் கேள்வி வரும், பெட்டி 1090 மெகாஹேர்ட்ஸில் பதில் சொல்லும். பதிலில் நாலு இலக்கம் இருக்கும். ஒவ்வொரு இலக்கமும் பூச்சியத்தில் இருந்து ஏழு வரைக்கும்தான், ஆகவே மொத்தம் 4096 இலக்கங்கள். அமெரிக்காவில் கண்ணால் பார்த்துப் பறக்கிற சாதாரண விமானங்களுக்கு 1200. ஆபத்து எண்டால் 7700. 'மோட் சி' இருந்தால் உயரத்தையும் நூறு அடிக் கணக்கில் சேர்த்துச் சொல்லும். 2020 ஜனவரி 1 தொடக்கம் இன்னொன்றும் அதே வட்டத்துக்குள் கட்டாயம்: ஏடிஎஸ்-பி. ட்ரான்ஸ்பொண்டர் கேட்டால்தான் பதில் சொல்லும். இது கேட்காமலே, தான் எங்கே இருக்கிறேன் எண்டு ஜிபிஎஸ்ஸைப் பார்த்து செக்கனுக்கு ஒருக்கால் சொல்லிக்கொண்டே போகும்.

விலக்கும் இருக்கிறது. எஞ்சினால் ஓடுகிற மின்சார அமைப்பு இல்லாமலே உருவான விமானத்துக்கு, பலூனுக்கு, கிளைடருக்கு, பெரிய விமான நிலையத்தின் உள்வட்டத்துக்கு வெளியே நின்றால் இந்தப் பெட்டி தேவையில்லை. மாமாவின் ஹாங்கருக்குப் பக்கத்து ஹாங்கரில் ஒரு கிழவர், 1940களில் செய்த பைப்பர் கப் விமானம் வைத்திருக்கிறார். புரொப்பெல்லரைக் கையால் சுத்தி ஸ்டார்ட் பண்ணுவார். அவருக்குப் பெட்டி வேண்டாம். மாமாவின் எஞ்சினில் ஒல்டர்நேட்டர் இருக்கிறது. ஆகவே அவருக்கு வேணும்.

பெட்டியை மாமா தானே பூட்டினார். அதைச் செய்யலாம். ஆனால் பாவிக்க முதல் அனுமதி பெற்ற திருத்துமிடத்து ஆள் வந்து சோதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு 24 மாதத்துக்கு ஒருக்கால் திருப்பிச் சோதிக்க வேண்டும். விமானி பார்க்கிற உயரமானி காட்டுகிற உயரமும், பெட்டி வெளியே சொல்கிற உயரமும் 125 அடிக்குள் பொருந்த வேண்டும். அதாவது, நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற உயரத்தைத்தான் நீங்கள் உலகத்துக்கும் சொல்லவேண்டும்.

இனி எங்கட கதை.

ஜூன் மாதத்தில் அம்மாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். அந்தக் கிழமைக்குள் முதல் பறப்பு எண்டு மாமா சொல்லியிருந்தார். நாங்கள் அதைப் பெரிய விசயமாக்கினோம். கனடாவில் இருக்கிற சித்தி குடும்பம், லண்டன் மச்சான்மார், எல்லாரையும் ஒரு வீடியோ கோலில் சேர்க்க ஒழுங்கு செய்தோம். அங்கே காலை ஏழு மணி எண்டால் இங்கே இரவு ஏழரை. கேக் வெட்டிப்போட்டு மாமா பறப்பதைப் பார்ப்பது திட்டம். அம்மா ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. அம்மா அப்படி இருந்ததே எங்களுக்குப் பெரிய வெற்றி மாதிரி இருந்தது.

பிறந்தநாளுக்கு நாலு நாள் முதல் பெட்டியைச் சோதிக்க ஆள் வந்தது. கருவியைப் பூட்டி, விமானம் மேலே ஏறுகிற மாதிரி குழாயில் காற்றை உறிஞ்சிப் பார்த்தார். குழாய் பிடிக்கவில்லை, எங்கோ கசிந்தது. உயரத்தை அளக்கிற கருவிக்கு வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான் போகவேண்டும். கசிவு வழியாக விமானி இருக்கிற இடத்துக் காற்று கலந்தால் உயரம் பிழைக்கும். உயரமானியும் பெட்டியும் ஒரே குழாயில் இருப்பதால் ரெண்டும் ஒரே பொய்யைச் சொல்லும். வந்தவர் கையெழுத்து வைக்காமல் போய்விட்டார். அடுத்து அவருக்கு நேரம் இருந்தது மூன்று கிழமைக்குப் பிறகு.

அன்று பின்னேரமே மாமா கசிவைக் கண்டுபிடித்துவிட்டார். கருவிப் பலகைக்குப் பின்னால் ஒரு பொருத்து, விரலால் மட்டும் இறுக்கி விட்டிருந்தது. ஒன்பது வருசத்தில் ஏதோ ஒருநாள் இரவு, 'பிறகு இறுக்குவம்' எண்டு விட்டதாக இருக்கும். இறுக்கினார். அவ்வளவுதான் வேலை. மிச்சம் கையெழுத்து மட்டும்.

அப்போதுதான் நாங்கள் எங்கட கெட்டித்தனத்தைக் காட்டினோம். விதிகளை இன்ரநெற்றில் தேடி வாசித்தோம். கண்டுபிடித்தும் விட்டோம். பெட்டி இல்லாமல் வட்டத்துக்குள் பறக்க வேண்டுமெண்டால், பறக்க ஒரு மணித்தியாலத்துக்கு முதல் அந்தப் பகுதிக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் விலக்குக் கேட்கலாம். விதியிலேயே இருக்கிறது. பெட்டி பழுதாகிவிட்டால் எந்த நேரமும் கேட்கலாம். நாங்கள் அந்தப் பந்தியை ஸ்கிரீன்ஷொட் எடுத்து மாமாவுக்கு அனுப்பி, கீழே எழுதினோம்: "மாமா, ஐஞ்சு நிமிசம்தானே. கேட்டால் தருவாங்கள். அம்மா முதல்தரம் பார்க்கப் போறா."

நீலச் சரி விழுந்தது. பதில் வரவில்லை. ரெண்டு நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் கோல் எடுத்தார். கோவமாக இல்லை. காருக்குள் இருந்தார். "எங்க நிக்கிறன் தெரியுமோ?" எண்டு கமராவைத் திருப்பினார். ஆர்ட்டீசியா, பயனியர் வீதி. இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கிற இடம். மிளகாய்த்தூளுக்கும் கறிவேப்பிலைக்கும் மாமி அங்கேதான் போவா. "இந்த ஊரோட ஒட்டினபடி அங்கால இருக்கிறதுதான் செரிட்டோஸ்" எண்டு சொல்லிப்போட்டு ஒரு கதை சொன்னார். நாங்கள் பிறகு அதைப் பற்றி வாசித்தும் பார்த்தோம்.

1986 ஓகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் நேரம். வானம் தெளிவு. மெக்சிக்கோவில் இருந்து 64 பேருடன் ஒரு டிசி-9 விமானம் லொஸ் ஏஞ்சலிஸில் இறங்குவதற்காகப் பதிந்துகொண்டு வந்தது. டொறன்ஸில் இருந்து பிக் பெயர் மலைப்பக்கம் போக ஒரு சின்னப் பைப்பர் விமானம் எழும்பியிருந்தது. அதில் அப்பா, அம்மா, மகள். சின்ன விமானம் அனுமதி இல்லாமல், தெரியாத்தனமாக, பெரிய விமானங்களின் வான்பகுதிக்குள் வந்துவிட்டது. அதில் ட்ரான்ஸ்பொண்டர் இருந்தது. ஆனால் உயரத்தைச் சொல்லாத வகை. ரெண்டும் செரிட்டோஸுக்கு மேலே மோதின. ரெண்டிலும் இருந்த 67 பேரும் செத்துப்போனார்கள். கீழே வீடுகளுக்குள் இருந்த 15 பேரும் செத்துப்போனார்கள். மொத்தம் 82. உயரம் சொல்லும் பெட்டி இந்த வட்டங்களுக்குள் கட்டாயமானதும், பயணிகள் விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானதும் அதற்குப் பிறகுதான்.

"பிள்ளையள், அந்தப் பதினைஞ்சு பேரை யோசிச்சுப் பாருங்கோ" எண்டார் மாமா. "அதுகள் விமானத்தில ஏறேல்ல. ஞாயிற்றுக்கிழமை வீட்டில இருந்ததுகள்."

நாங்கள் கதைக்கவில்லை. பிறகு எங்களில் ஒருத்தி, விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கேட்டாள். "ஆனா மாமா, அவங்கள் அனுமதி தந்தால் நீங்கள் போறது கட்டுப்பாட்டாளருக்குத் தெரியும்தானே?"

"அவருக்குத் தெரியும்" எண்டார். "மேல இறங்கி வாற விமானத்தில இருக்கிற கருவிக்குத் தெரியாது. அந்தக் கருவி ட்ரான்ஸ்பொண்டர் சொல்லுற பதிலைத்தான் கேக்கும். பதில் சொல்லாத விமானம் அதுக்கு இல்லாத விமானம்."

பிறகு அவர் சொன்னதுதான் எங்களுக்கு உறைத்தது. பறக்கிறவன் கண்ணால் பார்த்து விலகுவான் என்பதை நம்பித்தான் இந்த விலக்குகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒரு விமானத்தின் முதல் பறப்பில் விமானியின் கண் வெளியே இருக்காது. எண்ணெய் அழுத்தம் சரியா, எஞ்சின் சூடாகுதா, வேகம் சரியா, செட்டை ஒருபக்கம் இழுக்குதா எண்டு உள்ளேதான் பார்த்துக்கொண்டு இருப்பான். ஏதும் பிழைத்தால் உடனே திரும்புவான், எந்தப் பக்கம் திரும்புவான் எண்டு அவனுக்கே தெரியாது. "நான் ஒருத்தரையும் காணாமல் இருக்கப் போற ஐஞ்சு நிமிசம் அது. அந்த ஐஞ்சு நிமிசத்தில மற்ற ஆக்களாவது என்னைக் காணவேணும். பக்கத்துக் கிழவர் கப்பில பறக்கலாம். ஐம்பது வருசமாப் பறக்கிற மனிசன், விமானமும் எப்பிடி நடக்கும் எண்டு தெரியும். அவருக்கு விதி விட்டிருக்கு, அது சரி. எனக்கும் கேட்டால் தருவாங்கள்தான். ஆனா நான் கேக்க மாட்டன்."

கடைசியாக, "உங்கட அம்மா கேட்டவ, கீழ இருக்கிற சனத்துக்குத் தெரியுமோ எண்டு. தெரியாது. அதுக்குத்தான் பெட்டி. அதைப் போடாமல் அவவின்ர பிறந்தநாளுக்குப் பறந்து காட்டச் சொல்லுறியளோ?" எண்டு கேட்டார்.

வெட்கமாக இருந்தது. நாங்கள் அனுப்பிய பந்தியில் சட்டப் பிழை இல்லை. மாமாவும் அதைப் பிழை எண்டு சொல்லவில்லை. நாங்கள் வாசித்தது, எங்களுக்கு எது விடப்பட்டிருக்கு எண்டு பார்க்க. மாமா வாசித்தது, அந்த விதி ஆரைக் காப்பாற்ற வந்தது எண்டு பார்க்க. ஹெல்மெட் போடாமல் ஒழுங்கைக்குள்தானே எண்டு மோட்டார்சைக்கிள் ஓடுகிற எல்லாருக்கும் தெரியும், ஐந்து நிமிசம் என்பது எவ்வளவு சின்னதாகத் தெரியும் எண்டு. ஹெல்மெட்டில் எங்கட தலை மட்டும்தான். இதில் மற்றவர்களின் கூரை.

பிறந்தநாள் விமானம் இல்லாமல் நடந்தது. கேக் வெட்டினோம். ஆட்கள் எல்லாம் கோலில் வந்து, "எங்க பிளேன்?" எண்டு கேட்டார்கள். மாமா சிரித்துக்கொண்டு, "கையெழுத்து வரேல்ல" எண்டார். எல்லாரும் போன பிறகு அம்மா எங்களிடம் ஏன் எண்டு கேட்டா. நாங்கள் பெட்டி, குழாய், செரிட்டோஸ், எங்கட ஸ்கிரீன்ஷொட், எல்லாத்தையும் சொன்னோம். அம்மா கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அண்ணா அண்டைக்குச் சிரிச்சவர் எல்லோ" எண்டு மட்டும் சொன்னா.

மூன்று கிழமைக்குப் பிறகு சோதனை சரிவந்தது. பிறகு வானம் விடவில்லை. அந்தப் பக்கம் கோடை தொடங்கும் காலத்தில் காலையில் கடலில் இருந்து தாழ்ந்த முகில் வந்து மூடுமாம். மூன்று சனிக்கிழமை ஹாங்கருக்குப் போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்தார். நாலாவது சனிக்கிழமை முகில் இல்லை.

இந்தமுறை கோல் இல்லை. ஆட்களைக் கூப்பிடவும் இல்லை. மாமா விமானத்தின் பதிவெண்ணை மட்டும் அனுப்பி, "விரும்பினா பாருங்கோ" எண்டு எழுதியிருந்தார். ஏடிஎஸ்-பி சொல்வதை ஆர் வேண்டுமெண்டாலும் கேட்கலாம். அதை வைத்துத்தான் விமானங்களை வரைபடத்தில் காட்டுகிற தளங்கள் இயங்குகின்றன. நாங்கள் இரவு ஏழரைக்கு லப்டொப்பைக் குசினி மேசையில் வைத்துப் பதிவெண்ணைத் தட்டினோம். ஒன்றும் வரவில்லை. அம்மா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நிண்டவ.

ஏழு நாற்பத்தெட்டுக்கு ஒரு சின்ன மஞ்சள் விமானம் திரையில் வந்தது. பக்கத்தில் உயரம். 1,400. 1,700. 2,100. எங்களுக்குக் கத்தவும் பயமாக இருந்தது. அதற்கு மேற்கே, மிக உயரத்தில், பெரிய பெரிய விமானங்கள் வரிசையாக லொஸ் ஏஞ்சலிஸுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதனதன் உயரம். அந்தக் கூட்டத்துக்குள் எங்கட மாமாவும் ஒரு இலக்கத்தோடு போய்க்கொண்டிருந்தார்.

அம்மா கையில் மாவோடு வந்து பின்னால் நிண்டா. "இதிலே எது அண்ணா?"

காட்டினோம்.

"மற்றதுகளுக்கு இவரைத் தெரியுமோ?"

"தெரியும் அம்மா."

அம்மா கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டா. மஞ்சள் விமானம் கிழக்கே நகர்ந்து வட்டத்தைத் தாண்டி, பாலைவனப் பக்கம் மூன்று சுற்றுச் சுற்றித் திரும்பி வரும் வரைக்கும், கிட்டத்தட்ட நாற்பது நிமிசம், எழும்பவில்லை. திரும்பி வரும்போது இலக்கங்கள் குறையக் குறைய அம்மா மெல்லிய சத்தத்தில் வாசித்துக்கொண்டிருந்தா. ஆயிரத்து எண்ணூறு. ஆயிரத்து ஐந்நூறு. பிறகு அது தரையில் எண்டு காட்டியது.

பத்து நிமிசத்துக்குப் பிறகு மாமாவின் கோல் வந்தது. முகம் எல்லாம் வியர்வை. பின்னால் பைப்பர் கப் கிழவர் கை தட்டிக்கொண்டு நிண்டார். நாங்கள் கேட்க எவ்வளவோ வைத்திருந்தோம். அதற்கு முதல் அம்மா போனை வாங்கிவிட்டா.

"அண்ணா, எல்லாத்தையும் பார்த்தனான். இனிப் போகேக்கையும் நம்பரை அனுப்புங்கோ."

இப்போது சோதனை மணித்தியாலங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சனிக்கிழமை இரவுகளில் எங்கட வீட்டில் புட்டு கொஞ்சம் பிந்தித்தான் அவியும்.